நூற்றி எண்பது தடவை: ஒரு குதிகாலும் ஒரு ஸ்வீடன் கட்டுரையும்

காலையில் எழுந்து பாத்ரூம் போகும் முதல் பத்து அடிதான் பதினான்கு மாதமாக எனக்கு ரிப்போர்ட் கார்டு. வலது குதிகாலின் பின்பக்கம் யாரோ கயிறு போட்டு இழுத்துக் கட்டின மாதிரி இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பேன். கொஞ்ச நேரத்தில் இளகிவிடும். எத்தனை நிமிடத்தில் இளகியது என்று தினமும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் குறித்து வைக்கிறேன். (வலியைவிட இந்த ஸ்ப்ரெட்ஷீட்தான் பெரிய வியாதி என்பது என் மனைவியின் கருத்து.)

அக்கிலிஸ் டெண்டன். தமிழில் குதிகால் தசைநாண் என்று சொல்லலாம். ஆனால் ஊரில் யாரிடம் காட்டினாலும் "நரம்பு இழுத்துக்கிச்சு" என்பார்கள். நம் பேச்சில் நரம்பு என்ற ஒரே சொல், உணர்ச்சியைக் கடத்தும் நரம்புக்கும், கையில் பச்சையாகத் தெரியும் ரத்தக்குழாய்க்கும், தசையை எலும்போடு கட்டும் நாணுக்கும் சேர்த்தே ஓடுகிறது. அதனால் என்னை நியூராலஜிஸ்ட்டிடம் அனுப்பப் பார்த்த நண்பர்கள் இரண்டு பேர்.

வலி வந்த கதை சுருக்கமாக: ஜனவரி மாரத்தானுக்குத் தயாராகும்போது மேம்பாலத்தில் ஏறி ஏறி ஓடினேன். சென்னை பெரும்பாலும் சமதளம். மேட்டுப் பயிற்சி வேண்டுமென்றால் விடியற்காலை ஃப்ளைஓவர்தான். மூன்றாவது வாரத்தில் பிடித்துக்கொண்டது. இரண்டு மாதம் ஓட்டத்தை அடியோடு நிறுத்தினேன். வலி போய்விட்டது. திரும்ப ஓட ஆரம்பித்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அதே இடத்தில் திரும்ப வந்து உட்கார்ந்தது.

அப்புறம்தான் கூகுள். இந்த வலிக்கு இணையம் தரும் மருந்துச்சீட்டு கிட்டத்தட்ட ஒன்றேதான். படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை வைத்து நின்று, வலிக்கும் காலின் குதிகாலை மெதுவாக விளிம்புக்குக் கீழே இறக்க வேண்டும். முழங்காலை நேராக வைத்து 15 தடவை, மூன்று செட். முழங்காலை லேசாக மடக்கி இன்னொரு 15, மூன்று செட். காலையும் மாலையும். ஆக ஒரு நாளைக்கு 180. ஞாயிறு, தீபாவளி எதற்கும் லீவு கிடையாது. 12 வாரம். பெருக்கிப் பார்த்தால் 15,120. நான் 14,000-ஐத் தாண்டினேன், கணக்கு இருக்கிறது. பன்னிரண்டு வார முடிவில் காலை இறுக்கம் பத்து நிமிடத்திலிருந்து இருபத்தைந்து நிமிடத்துக்குப் போயிருந்தது.

இந்த 180-ன் மூலக் கட்டுரையை நான் முதன்முதலாகப் படித்தது பதிமூன்றாவது வாரத்தில். வேலையில், டாகுமென்டேஷனைப் படிக்காமல் ஒரு லைப்ரரியை இழுத்துப் போடும் ஜூனியர்களைத் திட்டுகிறவன் நான். என் காலுக்கு அந்த மரியாதையைக் கூடத் தரவில்லை. இந்தப் பதிவு அதற்கான பிராயச்சித்தம். நான் டாக்டர் இல்லை, பி.ஈ. படித்துவிட்டு இருபத்திரண்டு வருடமாகக் கோடு எழுதுகிறவன். கட்டுரைகளைப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான்.

அந்தக் கட்டுரை 1998-ல் அமெரிக்க விளையாட்டு மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. எழுதியவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன், ஸ்வீடனின் உமியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர், கூட்டாளிகளோடு. விளையாட்டு மருத்துவ வட்டாரத்தில் இதற்கு ஒரு ஸ்தல புராணம் உண்டு: ஆல்ஃப்ரெட்சனுக்கே குதிகால் வலி. அறுவை செய்யச் சொல்லி மேலதிகாரியிடம் கேட்க, அவர் மறுத்துவிட்டார். சரி, அறுந்தே போகட்டும், அப்போது செய்துதானே ஆக வேண்டும் என்று இவர் வலிக்க வலிக்கக் குதிகாலை இறக்கிப் பயிற்சி செய்தார். அறுவதற்குப் பதில் சரியாகிவிட்டது. கதை நன்றாக இருக்கிறது, அதனால்தான் எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். ஆனால் குதிகால் இறக்கும் பயிற்சியை அவர் சூனியத்திலிருந்து கொண்டு வரவில்லை. கனடாவில் ஸ்டானிஷும் கர்வினும் 1980-களிலேயே இந்த வகைப் பயிற்சியைப் பற்றி எழுதிவிட்டார்கள். ஆல்ஃப்ரெட்சன் சேர்த்தது கனமும் வலியும். வலித்தாலும் செய், வலி குறைந்தால் முதுகுப் பையில் எடை ஏற்று என்றார். அதுவரை வலித்தால் நிறுத்து என்பதுதான் பாடம். அந்தப் பாடத்தை அவர் புரட்டிப் போட்டார். இது பெரிய விஷயம், இதை யாரும் அவரிடமிருந்து பறிக்க முடியாது.

இனி எண்கள். பயிற்சி செய்தவர்கள் 15 பேர். பன்னிரண்டு ஆண்கள், மூன்று பெண்கள், சராசரி வயது 44. எல்லோரும் பொழுதுபோக்கு விளையாட்டுக்காரர்கள், எல்லோருக்கும் நெடுநாள் வலி, வழக்கமான வைத்தியங்கள் பலிக்காதவர்கள். 12 வாரத்தில் பதினைந்து பேரும் பழைய அளவில் ஓடினார்கள். பதினைந்துக்குப் பதினைந்து.

இதை ஒப்பிட்டது யாரோடு? இன்னொரு 15 பேரோடு. அவர்களுக்கும் அதே நோய். ஓய்வு, மாத்திரை, ஷூ மாற்றம், சாதாரணப் பயிற்சி எதுவும் பலிக்காமல் கடைசியில் அறுவைக்குப் போனவர்கள். நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஒப்பீட்டுக் குழுவில் சேரும் தகுதியே "மற்ற வைத்தியத்தில் தோற்றிருக்க வேண்டும்" என்பது. ஆகவே அந்தப் பக்கம் மற்ற வைத்தியத்தின் வெற்றி விகிதம் பூஜ்யம். அது அளந்து கண்டுபிடித்த பூஜ்யம் இல்லை, ஆட்களைப் பொறுக்கிய விதத்தில் வந்த பூஜ்யம். குலுக்கல் போட்டு இரண்டு குழுவாகப் பிரிக்கவும் இல்லை. "ஒன்றுமே செய்யாமல் இருந்தால் எத்தனை பேர் தேறுவார்கள்" என்ற கேள்விக்கு அந்தக் கட்டுரையில் இடமே கிடையாது.

நியாயமாகவும் சொல்ல வேண்டும். பதினைந்து பேருமே மாதக்கணக்கில் வலியோடு இருந்தவர்கள். அப்படிப்பட்டவர்களுக்குத் தானாக, அதுவும் ஒரே சமயத்தில், மூன்று மாதத்தில் சரியாகும் வாய்ப்பு குறைவு. எனவே 15/15 வெறும் அதிர்ஷ்டம் என்று ஒதுக்க நான் தயாராக இல்லை. என் புகார் ஆல்ஃப்ரெட்சன் மீது அல்ல. ஒரு சிறிய முதல் சோதனையை எடுத்து, அதிலிருந்த 180 என்ற எண்ணைக் கல்வெட்டில் பொறித்த நம் மீது. ஏன் 180? ஏன் 120 இல்லை? ஏன் தினமும்? கட்டுரை இதை ஒப்பிட்டுப் பார்க்கவே இல்லை. யாரோ டெமோவுக்காகப் போட்ட டீஃபால்ட் மதிப்பு, இருபது வருடம் கழித்தும் ப்ரொடக்‌ஷனில் ஓடிக்கொண்டிருக்கும் இல்லையா, அந்த மாதிரி.

ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் பின்னால் வந்தார்கள். 2014-ல் ஸ்டீவன்ஸும் டானும் 28 பேரைக் குலுக்கிப் பிரித்து, ஒரு குழுவை 180 செய்யச் சொன்னார்கள், இன்னொரு குழுவை முடிந்த அளவு செய்யச் சொன்னார்கள். ஆறு வாரத்தில் முடிந்த அளவு செய்தவர்கள் பின்தங்கவில்லை. சின்னச் சோதனைதான், குறைந்த காலம்தான். ஆனால் 2015-ல் கோபன்ஹேகனில் பேயரும் குழுவினரும் 58 பேரை வைத்துச் செய்தது இன்னும் அழுத்தமானது. ஒரு குழு ஆல்ஃப்ரெட்சன் முறை. இன்னொரு குழு ஜிம்மில் கனமான எடையோடு, ஏற்றுவதும் இறக்குவதும் மெதுவாக, வாரத்துக்கு மூன்றே நாள். முதல் குழுவுக்கு வாரம் 308 நிமிடம் ஆனது, இரண்டாவது குழுவுக்கு 107 நிமிடம். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பேரும் நன்றாகவே தேறியிருந்தார்கள், சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் சொன்ன பயிற்சிகளை விடாமல் செய்த அளவு ஜிம் குழுவில் அதிகம், சராசரியாக 92 சதவீதம். மற்றதில் 78.

அப்படியானால் எந்தப் பயிற்சி என்பது நாம் நினைத்த அளவு முக்கியமில்லை. சரி, வேறு எது முக்கியம்? எனக்கு இதற்கான விடையை முதலில் கொடுத்தது கட்டுரை அல்ல, ஒரு ஃபிசியோதெரபிஸ்ட். வயது இருபத்தெட்டுக்கு மேல் இருக்காது. நான் ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறக்கப் போனபோது தடுத்துவிட்டார்.

"சார், அது அப்புறம் பார்க்கலாம். வலி எங்க இருக்கு, ஒரே விரல வச்சுக் காட்டுங்க."

காட்டினேன்.

"இது எலும்புல ஒட்டுற இடம் சார். நீங்க இத்தனை நாள் படிக்கட்டுல கீழ இறக்கினீங்களா?"

"பன்னெண்டு வாரம்."

ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டார். அந்த மௌனத்துக்கு நான் ஃபீஸ் தனியாகக் கொடுத்திருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். குதிகால் நாணில் வலி வரும் இடம் இரண்டு. ஒன்று, எலும்பிலிருந்து சில சென்டிமீட்டர் மேலே, நாணின் நடுப்பகுதி. இன்னொன்று, நாண் குதிகால் எலும்பில் போய்ச் சேரும் முனை. ஆல்ஃப்ரெட்சனின் பதினைந்து பேருக்கும் வலி நடுப்பகுதியில். குதிகாலை விளிம்புக்குக் கீழே இறக்கும்போது நாண் நீள்வது மட்டுமில்லை, அதன் கீழ்முனை எலும்பின் மேட்டில் அழுந்துகிறது. நடுப்பகுதி நோயாளிக்கு அது பெரிய தொல்லை இல்லை. என் மாதிரி முனை நோயாளிக்கு, ஒரு நாளைக்கு 180 தடவை புண்ணிலேயே அழுத்துவது.

இதில் வெட்கப்பட வேண்டிய பகுதி: இது ரகசியம் இல்லை. ஆல்ஃப்ரெட்சன் இருந்த அதே உமியோ குழு 2003-லேயே எழுதிவிட்டது. நடுப்பகுதி வலியில் 101 நாண்களில் 90 தேறின, 89 சதவீதம். முனை வலியில் 31 நாண்களில் 10 மட்டும், 32 சதவீதம். 2008-ல் ஜெர்மனியின் ரோம்பே குழு முனை வலிக்காரர்கள் 50 பேரைக் குலுக்கிப் பிரித்துப் பார்த்தது. குதிகால் இறக்கியவர்களில் தேறியவர்கள் 28 சதவீதம், அதிர்வலை சிகிச்சை எடுத்தவர்களில் 64. வேறு நாடு, வேறு டீம், கிட்டத்தட்ட அதே தோல்வி எண். அதே 2008-ல் உமியோக்காரர்களே திருத்தமும் வெளியிட்டார்கள்: குதிகாலைத் தரை மட்டத்துக்குக் கீழே இறக்காமல் செய்ததில் 27 பேரில் 18 பேர் திருப்தியாகப் பழைய ஓட்டத்துக்குத் திரும்பினார்கள். அங்கும் ஒப்பீட்டுக் குழு இல்லை, அதனால் 67 சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் திசை தெளிவு. நான் பார்த்த யூடியூப் வீடியோ ஏழில் ஒன்றுகூட "முதலில் விரலை வைத்துப் பாருங்கள்" என்று சொல்லவில்லை.

அந்த 89 சதவீதத்தையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். நடுப்பகுதி வலிதான், குதிகால் இறக்கும் பயிற்சிதான், ஆனால் 2007-ல் ரோம்பே குழு 75 பேரை மூன்றாகக் குலுக்கிப் பிரித்தபோது, நான்கு மாதத்தில் தேறியவர்கள் 60 சதவீதம். அதிர்வலையில் 52. காத்திருந்து பார்த்த குழுவில் 24. அதே வருடம் சயனாவும் மஃபுல்லியும் விளையாட்டே பழக்கமில்லாத 34 பேரிடம் முயன்றபோது 44 சதவீதம் பேருக்குப் பலனில்லை. 100, 89, 60, 56 என்று இறங்கிக்கொண்டே வருகிறது. மருந்து காலப்போக்கில் வீரியம் இழக்கவில்லை. கண்டுபிடித்த டீமே டெஸ்ட் செய்தால் பக் குறைவாகத்தான் தெரியும். வெளியாள் டெஸ்ட் செய்யும்போது எண் இறங்கும். அதோடு ஆளும் மாறுகிறார்: வாரம் ஐம்பது கிலோமீட்டர் ஓடியவரின் கெண்டைக்காலும், நாற்காலியை விட்டு எழாதவரின் கெண்டைக்காலும் ஒன்றல்ல.

எனக்கு இந்தப் பட்டியலில் பிடித்த எண் அந்த 24தான். ஒன்றும் செய்யாதவர்களில் நான்கில் ஒருவர் தானாகத் தேறியிருக்கிறார். உங்களுக்கு யாராவது மஞ்சள் பற்று, காந்த பெல்ட், ஒட்டும் டேப் எதையாவது கொடுத்து, நான்கு பேரில் ஒருவருக்குச் சரியானது என்றால், அவர் பொய் சொல்லவில்லை. மஞ்சளுக்கு அதில் பங்கு இருந்ததா என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

இங்கே என் மச்சான் கதையைச் சொல்லியாக வேண்டும். கோயம்புத்தூரில் இருக்கிறார், என்னைவிட நன்றாக ஓடுவார். அவருக்கும் குதிகால். அவர் பிஆர்பி ஊசி போட்டுக்கொண்டார். நம் ரத்தத்தையே எடுத்து, சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியைப் பிரித்து நாணில் செலுத்துவது. ஒரு ஊசிக்கு அவர் கொடுத்த தொகையில் நல்ல ஓட்ட ஷூ இரண்டு ஜோடி வரும். மூன்று ஊசி என்று பேச்சு.

"மாப்ள, நீ பேப்பர் பேப்பரா படி. எனக்கு ரெண்டு ஊசியில பாதி வலி போயிடுச்சு."

"மச்சான், ஊசி போட்டப்ப எக்சர்சைஸும் குடுத்தாங்களா?"

"அது குடுப்பாங்கள்ல."

2010-ல் நெதர்லாந்தின் டி வோஸ் குழு இதைத்தான் சோதித்தது. 54 பேர், எல்லோருக்கும் குதிகால் இறக்கும் பயிற்சி, பாதிப் பேருக்கு பிஆர்பி ஊசி, பாதிப் பேருக்கு உப்புத் தண்ணீர் ஊசி. எது யாருக்கு என்று அவர்களுக்கே தெரியாது. 24 வாரத்தில் பிஆர்பி குழு 100-க்கு 21.7 மதிப்பெண் முன்னேறியது. உப்புத் தண்ணீர் குழு 20.5. 2021-ல் பிரிட்டனில் 240 பேரை வைத்துப் பெரிய சோதனை, நிஜ ஊசிக்கு எதிராகப் போலி ஊசி. ஆறு மாதத்தில் 54.4-க்கு 53.4. மச்சானுக்கு வலி குறைந்தது நிஜம். உப்புத் தண்ணீர்க்காரர்களுக்கும் அதே அளவு நிஜமாகக் குறைந்தது. இதை அவரிடம் போனில் சொன்னேன். "அப்ப எனக்கு உப்புத் தண்ணியப் போட்டாங்கங்கிறியா?" என்று கேட்டார். விளக்குவதற்குள் சிக்னல் போய்விட்டது, அல்லது போனதாகச் சொன்னார்.

அந்த 100 மதிப்பெண் என்ன என்று கேட்டீர்களானால், அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. விசா-ஏ என்று பெயர். 2001-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா விளையாட்டு நிறுவனத்தின் பெயரில் வந்த எட்டுக் கேள்வித்தாள். ஆரோக்கியமானவருக்கு 100. காலை இறுக்கம் எத்தனை நிமிடம், படியிறங்கினால் வலிக்கிறதா, இப்படிப் போகும். ஆனால் கடைசி இரண்டு கேள்விகள் விளையாட்டில் எவ்வளவு ஈடுபடுகிறீர்கள் என்பதைப் பற்றி, இரண்டுக்கும் சேர்த்து 40 மதிப்பெண். டாக்டர் பேச்சைக் கேட்டு ஓட்டத்தை நிறுத்தினவருக்கு வலியே இல்லாவிட்டாலும் மதிப்பெண் அடிபடும். அவரை ஓட அனுமதித்த நாளில், நாணில் எந்த மாற்றமும் இல்லாமலே மதிப்பெண் ஏறும். வலியையும் வாழ்க்கையையும் ஒரே எண்ணில் கூட்டிவிட்டார்கள். சிபியூ வெப்பத்தையும் பயனர் திருப்தியையும் ஒரே டாஷ்போர்டு எண்ணாகக் காட்டும் மேனேஜர்களை எனக்குத் தெரியும்.

"முழுக்கக் குணம்" என்ற சொல்லும் இப்படித்தான். ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்த இரண்டு ஆய்வுகள். 2011-ல் வந்த சில்பர்நாகெல் குழுவின் ஆய்வில் 34 பேரில் 80 சதவீதம் முழுக்கக் குணம். 2012-ல் வந்த வான் டெர் ப்ளாஸ் குழுவின் ஆய்வில் 58 பேர், சராசரி மதிப்பெண் 49-லிருந்து 84-க்கு ஏறியிருந்தது, ஆனால் வலியே இல்லாதவர்கள் 40 சதவீதம்தான். கிட்டத்தட்டப் பாதிப் பேர் இடையில் வேறு வைத்தியமும் எடுத்திருந்தார்கள். எண்பதா நாற்பதா? எந்த இடத்தில் கோடு போடுகிறோம் என்பதைப் பொறுத்தது. என் மாதிரி ஆளுக்கு இரண்டாவது எண்தான் பயன்படுகிறது. ஐந்து வருடம் கழித்தும் எப்போதாவது லேசாக வலிக்கலாம், அதோடு ஓடலாம் என்று முன்கூட்டியே தெரிந்தால், ஒவ்வொரு சுருக்குக்கும் திகிலடைய வேண்டியதில்லை.

திகில் என்று சும்மா சொல்லவில்லை. சில்பர்நாகெலின் அந்த ஐந்து வருட ஆய்விலேயே, அசைந்தால் அடிபடும் என்ற பயம் அதிகமாக இருந்தவர்களுக்குக் கெண்டைக்கால் வலு மீண்டது குறைவாக இருந்தது. பயத்தால் வலு மீளவில்லையா, வலு மீளாததால் பயமா என்பதை அதில் பிரிக்க முடியாது. அந்தக் குழு 2007-ல் எழுதிய இன்னொரு கட்டுரை இன்னும் சுவாரஸ்யம்: அறிகுறிகள் முழுக்க மறைந்த 16 பேரில், கெண்டைக்கால் சோதனைகளில் முழுக்கத் தேறியவர்கள் 4 பேர். வலி போனதும் பயிற்சியை நிறுத்திவிட்டு, ஆறு மாதத்தில் திரும்ப வருகிறவர்களைப் பார்க்கும்போது இந்த 4/16 எனக்கு ஞாபகம் வரும். இரண்டு மாத ஓய்வுக்குப் பிறகு எனக்கு நடந்ததும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். வலி குறைந்தது. நாண் தாங்கும் சுமையும் சேர்ந்து குறைந்தது. ஓடும்போது இந்த நாண் ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல ஆறு எட்டு மடங்கு தாங்குகிறது. சோபாவில் உட்கார்ந்து அதைத் தயார் செய்ய முடியாது.

ஓட்டக்காரர்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி, ஓடலாமா கூடாதா. இதற்கு என் கணிப்பில் இந்தத் துறையின் மிக உபயோகமான சோதனை, சில்பர்நாகெல் ஸ்வீடனில் இருந்தபோது 2007-ல் செய்ததுதான். 38 பேர், எல்லோருக்கும் ஒரே பயிற்சி. ஒரு பாதிக்கு முதல் ஆறு வாரம் ஓட்டமும் குதிப்பும் தடை. மறு பாதி ஓடலாம், நிபந்தனையோடு: பத்துக்கு ஐந்து வரை வலி பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் அது அடங்கிவிட வேண்டும், வாரத்துக்கு வாரம் கூடக்கூடாது. ஒரு வருடம் வரை பார்த்தார்கள். இரு குழுவும் தேறியது, வித்தியாசம் தென்படவில்லை. இந்த "வித்தியாசம் தென்படவில்லை" என்பதை 38 பேரை வைத்து "வித்தியாசமே இல்லை" என்று படிக்கக்கூடாது, அது தெரியும். ஆனாலும் ஓட்டத்தை நிறுத்து என்று ஒருவரிடம் சொல்வது சின்ன விஷயம் இல்லை. எனக்கு நாற்பது வயதில் சர்க்கரை எல்லையைத் தொட்டபோது அதைக் கீழே இறக்கியது இந்த ஓட்டம்தான். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு நாண் கோளாறு அதிகம் என்பது நிறைய ஆய்வுகளில் வந்துவிட்டது. நாணைக் காப்பாற்ற ஓட்டத்தை விட்டு, ஓட்டத்தை விட்டதால் சர்க்கரை ஏறி, சர்க்கரையால் நாண் கெட்டால் அது எந்த ஊர் நியாயம்?

அந்த இடத்தில் ஒரு மாத்திரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக்குகள் குதிகால் நாணைப் பாதிக்கலாம், அறுக்கவும் கூடும் என்று 2008-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கறுப்புக் கட்ட எச்சரிக்கை போட்டது. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். நம் ஊரில் வயிற்றுப்போக்கு என்றால் மெடிக்கல் ஷாப்பில் பெயர் சொல்லி வாங்குகிற மாத்திரை இது. குதிகால் வலி உள்ளவர்கள் அடுத்த முறை டாக்டரிடம் இதை ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

காரணிகளைத் தேடும் ஆய்வுகளில் ஒன்று என்னைச் சிரிக்க வைத்தது. 2020-ல் நெதர்லாந்தில் லகஸ் குழு 1,929 பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களைத் தொடர்ந்து பார்த்தது. சுமார் 5 சதவீதம் பேருக்குக் குதிகால் நாண் வலி வந்தது. யாருக்கு அதிகம் என்றால், முந்தைய வருடம் அதே வலி இருந்தவர்களுக்கு, இது எதிர்பார்த்ததுதான். பிறகு, பயிற்சி அட்டவணை வைத்து ஓடியவர்களுக்கு. பிறகு, இறுக்கமான கம்ப்ரெஷன் சாக்ஸ் போட்டவர்களுக்கு! சாக்ஸ் நாணைக் கெடுக்கிறது என்று நான் நம்பவில்லை. கெண்டைக்காலில் ஏற்கெனவே ஏதோ முணுமுணுப்பு இருப்பவர்தான் அந்த சாக்ஸைத் தேடி வாங்குவார். அட்டவணை வைத்திருப்பவர் உடம்பு சொல்வதைவிடச் செவ்வாய்க்கிழமைக் கட்டத்தை நம்புவார் (ஸ்ப்ரெட்ஷீட் ஆசாமி, எனக்குத் தெரியும்). இதுவும் என் ஊகம்தான், அந்த ஆய்வு அதை நிரூபிக்கவில்லை. ஆனால் இந்த முடிவை எடுத்து "சாக்ஸ் ஆபத்து" என்று தலைப்பு போட ஒரு நிமிடம் ஆகாது.

எந்தக் கட்டுரையிலும் நான் பார்க்காத ஒன்றை என் ஸ்ப்ரெட்ஷீட்டில் பார்த்தேன். முனை வலிக்காரர்களுக்கு ஷூவுக்குள் குதிகாலை உயர்த்தும் பட்டை வைக்கச் சொல்வார்கள், நாண் எலும்பில் அழுந்துவது குறையும் என்று. அந்த அறிவுரை நாள் முழுக்க ஷூவில் இருப்பவருக்கு எழுதப்பட்டது. நாம் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் நடக்கிறோம். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாளில் என் பட்டை ஷூ ராக்கில் உட்கார்ந்திருக்கும். அப்புறம் சொந்த ஊர். அங்கே இந்தியக் கழிப்பறைதான். பாதம் முழுவதும் தரையில் பதிய குந்தி உட்காரும்போது கணுக்கால் மடங்குவது படிக்கட்டு விளிம்பில் மடங்குவதற்குக் குறைந்ததல்ல. ஊருக்குப் போய் வந்த மூன்று முறையும், ஓடவே இல்லை என்றாலும், மறுநாள் காலை நிமிடக் கணக்கு எகிறியிருந்தது. மூன்று முறை என்பது ஆய்வு இல்லை. பஸ்ஸில் காலைத் தொங்கப்போட்டு எட்டு மணி நேரம் வந்ததும் காரணமாக இருக்கலாம். உமியோவில் யாரும் இதைக் கேட்கப்போவதில்லை என்பதால் எழுதி வைக்கிறேன்.

நாண் ஏன் இவ்வளவு மெதுவாகத் தேறுகிறது என்பதற்கு ஒரு அழகான ஆய்வு இருக்கிறது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வெட்டவெளியில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கார்பன்-14 திடீரென்று கூடி, பிறகு படிப்படியாகக் குறைந்தது. அந்தந்த வருடம் உருவான திசுவில் அந்தந்த வருடத்துக் காற்றின் கார்பன்-14 முத்திரை இருக்கும். டென்மார்க்கில் ஹைனமையர் குழு 2013-ல் இறந்தவர்களின் குதிகால் நாண்களை இப்படி அளந்தது. நாணின் மையத்தில் இருந்தது அவர்களுடைய பதினேழு வயது வாக்கிலான முத்திரை. அதற்குப் பிறகு அது புதுப்பிக்கப்படவே இல்லை என்றே சொல்லலாம். என் நாணின் உள்நார் நான் ப்ளஸ் டூ முடித்த வருடத்துச் சரக்கு. 12 வாரத்தில் அது புதிதாகிவிடும் என்று எதிர்பார்த்தவனை என்ன சொல்ல. பயிற்சி பலன் தருகிறது, ஆனால் பழைய கயிற்றைப் புதுக் கயிறாக மாற்றி அல்ல. தசை வலுவாவதும், வலியை உணரும் விதம் மாறுவதும் அதில் பெரும் பங்கு வகிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

2020 வாக்கில் நெதர்லாந்தின் வான் டெர் விலிஸ்ட் குழு 29 குலுக்கல் சோதனைகளை ஒன்றாகப் போட்டு ஆராய்ந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட சிகிச்சைகள். 29-ல் 22 சோதனைகளில் பிழைக்கு அதிக வாய்ப்பு என்று மதிப்பிட்டார்கள். எதையாவது செய்வது சும்மா இருப்பதைவிட மேல், எது சிறந்தது என்பதற்குப் போதுமான வித்தியாசம் இல்லை. இத்தனை வருட உழைப்புக்கு இவ்வளவுதானா என்று எனக்கு முதலில் எரிச்சல் வந்தது. இப்போது இல்லை. சிகிச்சைக்கு எதிராகச் சிகிச்சை என்றே பந்தயம் வைத்துக்கொண்டிருந்தால் இதுதான் வரும். வலி எங்கே, ஆள் யார், எத்தனை நாளாக, விடாமல் செய்தாரா, பயந்தாரா என்று பிரித்துப் பார்க்கப் பதினைந்து பேரும் முப்பத்தெட்டுப் பேரும் போதாது.

என் கணக்கு: ஆறு மாதமாகத் தரையில் நின்று, முதுகுப் பையில் பத்து கிலோ பொன்னி அரிசியோடு, மெதுவாகக் குதிகாலை ஏற்றி இறக்குகிறேன். வாரம் மூன்று நாள். வீட்டுக்குள் குதி உயர்ந்த செருப்பு. மேம்பாலம் கிடையாது. ஓட்டம் உண்டு, பத்துக்கு ஐந்து விதியோடு. காலை இறுக்கம் இருபத்தைந்து நிமிடத்திலிருந்து நான்கு ஐந்துக்கு வந்திருக்கிறது. நான்கு மாற்றங்களை ஒரே நாளில் டிப்ளாய் செய்துவிட்டேன், எது பலித்தது என்று இனி எனக்கே தெரியாது. மோசமான நிலையில் இருக்கும்போதுதான் புதிய வைத்தியம் தொடங்குவோம், அதனால் தானாகவே கொஞ்சம் இறங்கியிருக்கும் என்பதும் சேர்த்தி.

போன வாரம் மச்சான் திரும்பக் கூப்பிட்டார். மூன்றாவது ஊசிக்கு அட்வான்ஸ் கட்டுவதா வேண்டாமா என்று குழப்பம். பேப்பர் எதையும் நான் எடுக்கவில்லை. "மச்சான், வலி எங்க இருக்கு, ஒரே விரல வச்சு போட்டோ எடுத்து அனுப்புங்க" என்றேன். அவர் அனுப்பிய படத்தில் விரல் எலும்புக்கு நாலு விரற்கடை மேலே இருந்தது. நடுப்பகுதி. எனக்கு வேலை செய்யாத அந்த 180 தடவைப் படிக்கட்டு, அவருக்கு வேலை செய்யக்கூடிய இடம். ஊசிக் காசு கட்ட வேண்டாம், படிக்கட்டில் நில்லுங்கள், முடிந்த அளவு செய்யுங்கள், 180 என்ற எண்ணை மறந்துவிடுங்கள் என்று எழுதினேன். நீலக் குறி விழுந்தது. பதில் இன்னும் வரவில்லை.